ஒரு நூல் குறைவாக

ஏப்ரல் 9, வியாழன்

வாலு, நீ போன பிறகு இன்றைக்குத்தான் கடையைத் திறந்தேன்.

ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. நீ இருந்தால் ஒரு உதை விடுவாய். நானும் விட்டேன். ஏறிவிட்டது. கால் வலிக்கிறது, அது வேறு.

இந்த டைரி மொத்தக்கடைக்காரர் வருஷா வருஷம் கண்ணாடியோடு சேர்த்துக் கொடுப்பது. நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று கேட்பேன். "எழுதாம விட்டா எழுத்து துருப்பிடிச்சிடும்க்கா" என்பாய். சரி, துரு எடுக்கிறேன். தப்பு இருந்தால் திருத்த ஆள் இல்லை, அப்படியே கிடக்கட்டும்.

உள்ளே எல்லாம் நீ விட்டுப் போனபடியே இருந்தது. மேஜை மேல் அந்தக் கண்ணாடி. கோட்டைக் கீறிவிட்டு, உடைப்பதற்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அதே கண்ணாடி. கீறினால் சூட்டோடு சூடாக உடைத்துவிட வேண்டும், கோடு ஆறிப்போனால் சொன்ன பேச்சு கேட்காது என்று அப்பா சொல்வார். கேட்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மடக்கினேன். பாதி தூரம் உன் கோட்டிலேயே வந்தது. அப்புறம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு துடைப்பத்தை எடுத்தேன். வேறு என்ன செய்ய.

ஏப்ரல் 10

இன்றைக்கு ஒரே ஒருவர். உன்னைக் கேட்டார். இல்லை என்றேன். "எப்ப வருவாங்க?" என்றார்.

"வரமாட்டாங்க. என்ன வேணும், என்கிட்ட சொல்லுங்க."

முகம் பார்க்கிற கண்ணாடியாம். எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

அண்ணன் வந்தான். வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் டிப்போ சட்டையோடு வந்தான் என்றால் பேச வந்திருக்கிறான் என்று அர்த்தம். வந்து உட்காராமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சுவரோரம் நிற்கிற கண்ணாடிகளில் நாலைந்து அண்ணன் தெரிந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகம், உம்மென்று.

"மொபைல் கடை வைக்க ஒருத்தன் கேக்குறான். நல்ல ஆளு. நீ எங்களோட வந்து இருந்துடு."

"கடை?"

"ரெண்டு பேரு தூக்குன சாமான்மா இது. ஒத்தை ஆளா எப்படித் தூக்குவே? வெட்டுனதெல்லாம் அவ. நீ பிடிச்சே, சட்டத்து ஓரத்துல பட்டி மாவு அப்புனே. கையைக் கிழிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தா இன்னொரு தடவை என்னால அங்க போய் நிக்க முடியாது."

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். கடை நம் மூன்று பேர் பேரிலும் இருக்கிறது, கேட்க அவனுக்கும் உரிமை உண்டு.

பள்ளிக்கூட வேலையை நீ ஒப்புக்கொண்டிருந்தாய். சூறைக்காற்றில் அங்கே ஜன்னல் கண்ணாடி பாதி போய்விட்டது. விடுமுறை முடிந்து பிள்ளைகள் வருவதற்குள் போட்டுத் தருகிறேன் என்று தலைமையாசிரியையிடம் வாக்குக் கொடுத்தாய். அதைச் சொன்னேன்.

"அதை நீ முடிப்பியா?"

"முடிப்பேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "சரி. பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள முடிச்சா கடை உன்னோடது, நான் வாயைத் திறக்கல. முடியலைன்னா சாவியைக் குடுத்துடணும். அழக்கூடாது."

அழுதாலும் பிள்ளை அவள்தானே பெற வேண்டும். சரி என்றேன்.

ஏப்ரல் 15

வெட்டிப் பழகுகிறேன். கழிவுத் துண்டுகளில்தான். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலைச் சாய்த்து, இழு. நீ இழுத்தால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்குப் பல்லைக் கடிக்கிற சத்தம் வருகிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

கோடு சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு தடவை இழுத்தேன். கண்ணாடியும் போச்சு, கட்டரின் முனையும் போச்சு. ஒரு கோடு ஒரே தடவைதான். நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அது காதில் மட்டும் விழும், கையில் விழாது.

அந்தக் கடைசி வாரத்தையும் இப்படித்தான் மனசுக்குள் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு உன்னோடு நானும் வந்திருந்தால் — கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நீ தனியாகத்தான் போனாய். வந்து, "சின்னப் புண்ணுதான்க்கா, மாத்திரை குடுத்திருக்காங்க" என்றாய். கடைசியில் பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எது என்று நான் கேட்கவில்லை.

போதும். மேலே மேலே கீறினால் கட்டர்தான் போகும்.

ஏப்ரல் 18

பட்டுத்துணி. ஒரே ஒரு தடவை. ஆனால் வந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

யார் வந்தது சொல் பார்ப்போம். உன் ரேடியோ.

அண்ணி வாசலில் நின்றாள். கையில் தூக்குச்சட்டி. கடைக்குள் கால் வைத்து எத்தனை வருஷம் ஆகிறது. 'கண்ணாடி வெட்டுற பொண்ணுங்களை எவன் கட்டுவான்' என்று அவள் சொன்னதை நீ கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு முன்னாலேயே நீ கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, நான் கட்டி, அவரும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. பாம்பும் கீரியுமாக இருந்தீர்கள். நடுவில் நான்.

"சாப்பிட்டியா இல்லையான்னு உங்க அண்ணனுக்கு ஒரே கவலை. எனக்கு ஒண்ணும் இல்ல. குடுத்துட்டுப் போக வந்தேன்."

கொடுத்துவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்தாள். பக்கத்துத் தையல்கடைக்காரியின் மருமகள், பால் விலை, தன் முழங்கால், எல்லாம் வந்தது. நடுவில் நான் ஒரு பெரிய கண்ணாடியை மேஜைக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒரு முனை தூக்கினால் மறுமுனை தரையில்.

பேச்சு நின்றது.

"நான் பிடிக்கட்டுமா?"

"கை கிழியும் அண்ணி."

"உங்க அண்ணனோட குடும்பம் நடத்துனவ நான். கண்ணாடியா என்னைக் கிழிக்கப் போகுது?"

பிடித்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பிடித்தாள். வாலு, நீ பார்த்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 21

அண்ணி கையுறையோடு வந்தாள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற கையுறை. பூப்போட்டது.

ஏப்ரல் 24, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் அளவெடுத்தோம். டேப்பின் தலையைப் பிடித்து எண்ணைச் சொல்வது எப்போதும் நீ. வாலைப் பிடித்துக்கொண்டு அட்டையில் குறிப்பது நான். இன்றைக்கு நான் தலை, அண்ணி வால். ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு தடவை அளந்தேன். அண்ணி குறித்தாள். அவள் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

தலைமையாசிரியை வெளியே வந்து பார்த்தார். "அவங்க செஞ்சா நான் பார்க்கவே வேண்டாம். நீங்க..." என்று இழுத்தார்.

"நான் செஞ்சா நீங்க பாருங்க டீச்சர். பார்த்துட்டுச் சொல்லுங்க."

சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 30

எல்லாம் வெட்டி முடித்துவிட்டேன். குறித்த எண்ணுக்கு, மயிரிழை பிசகாமல். ஓரங்களைக் கல்லில் தேய்த்து, நடுவில் பழைய செய்தித்தாள் வைத்து, சுவரோரம் அடுக்கினோம். அண்ணி தள்ளி நின்று பார்த்து, "அவ வெட்டுன மாதிரியே இருக்குடி" என்றாள். உன்னை அவள் பாராட்டி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மே 4, திங்கள்

ஒண்ணு கூட நுழையல.

முதல் ஜன்னல்ல வச்சேன், ஓரம் இடிக்குது. சட்டம்தான் கோணலோன்னு அடுத்ததுல வச்சேன். அங்கயும் இடிக்குது. அதுக்கு அடுத்தது, அதுக்கு அடுத்தது. அண்ணி அழுத்தப் பாத்தா, விடுங்க உடைஞ்சிடும்னு கத்திட்டேன். அவ்வளவு கண்ணாடியும் பள்ளிக்கூட வராண்டாவுல நிக்குது, எல்லாத்துலயும் என் மூஞ்சி.

ரெண்டு தடவை அளந்தேனே. குறிச்ச மாதிரிதானே வெட்டினேன். நீயும் அப்படித்தானே வெட்டுவே, குறிச்ச எண்ணுக்கு, கூட இல்லாம குறைய இல்லாம? நான் பக்கத்துலயே நின்னு பாத்தவதானே? அப்புறம் உனக்கு மட்டும் எப்படிடி உள்ள போச்சு?

அண்ணன் சொன்னது சரிதானோ.

மே 5

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, நேற்று எழுதியதை வாசித்தேன். அழுகை அளவுக்கு மீறி இருக்கிறது. கேள்வி மட்டும் நல்ல கேள்வி. உனக்கு மட்டும் எப்படி உள்ளே போனது?

தையல்கடைக் கதவுக் கண்ணாடிதான் நீ கடைசியாக முழுசாக முடித்தது. அந்த அளவு எனக்கு மறக்காது. நீ பதினாறரை என்று கூவினாய். "என் இடுப்பை ஏன்டி பாதியாக்கிக் கத்துறே?" என்று தையல்காரி உள்ளேயிருந்து கேட்டாள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டத்தின் உட்புறத்தை அளந்தேன்.

பதினாறரை இல்லை. ஒரு நூல் கூடுதல். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதுதான் நூல்.

வீட்டு அடுப்படி ஜன்னல், நம் கடையின் முன்பக்கம், எல்லாவற்றையும் அளந்து, நான் குறித்து வைத்த பழைய அட்டைகளோடு ஒத்துப் பார்த்தேன். எங்கேயும் நீ சொன்ன எண்ணைவிடச் சட்டம் ஒரு நூல் பெரிது.

நீ கழித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாய். டேப்பைப் பார்த்து, மனசுக்குள் ஒரு நூல் கழித்து, மிச்சத்தை வாயால் சொல்லியிருக்கிறாய். நான் அதையே முழு அளவு என்று நம்பிக் குறித்திருக்கிறேன். இத்தனை வருஷம். ஒரு நாள் கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றியே இருக்காது, மூச்சு விடுவதை யார் சொல்வார்கள்.

மே 6, புதன்

நடந்தது நடந்ததுதான். கண்ணாடி சுருங்காது. ஒரு நூலை மட்டும் வெட்டி எடுக்கவும் முடியாது, அவ்வளவு மெல்லிய ஓரம் நொறுங்கிப் போகும். அழுதால் ஒரு நூல் குறையுமா? குறையும் என்றால் நேற்று ராத்திரிக்கே எல்லாம் சரியாகியிருக்கும்.

ஆகவே என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கட்டர் இருக்கிறது. நாட்கள் இருக்கின்றன. கடைக்குள் பின்சுவரில் கொஞ்சம் முழுக் கண்ணாடி இருக்கிறது, மீதிக்கு மொத்தக்கடையில் சொல்லியனுப்பலாம். பெரியது சின்னதாகும். சின்னதுதான் பெரியதாகாது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் காற்றுவழிக்கு ஒரு சின்னச் சட்டம் உண்டு. அதிலும் கண்ணாடி போய், அட்டையை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள்.

நேராகத் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். "டீச்சர், நான் வெட்டுனது எல்லாம் தப்பு. மறுபடி வெட்டுறேன். சொன்ன நாளைக்கு முடிச்சுடுவேன். தப்பாப் போனதைக் கதவு மேல இருக்குற சட்டத்துக்கு வெட்டிப் போட்டுடறேன்."

"அதை நான் கேக்கவே இல்லையே."

"நீங்க கேக்கல. என் தப்பு எங்கயாவது போய் உக்காரணும்ல? அங்க உக்காரட்டும். பிள்ளைங்களுக்கு வெளிச்சமாவது வரும்."

அவர் எழுந்து வெளியே வந்தார். அப்புறம் ஏணி எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

திரும்பும் வழியில் அண்ணியிடம் கேட்டேன். "அண்ணன்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"என்னை நீங்க ரெண்டு பேரும் ரேடியோன்னு சொல்றது எனக்குத் தெரியும்டி."

எனக்கு முகம் எரிந்தது.

"ரேடியோதான். ஆனா எந்த ஸ்டேஷனை வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

மே 12, செவ்வாய்

லாரி வந்தது. முழுக் கண்ணாடிகளை இறக்கி நிறுத்தினார்கள். நீ செய்கிற மாதிரியே ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டினேன். "உடையுறது உன் குணம். இன்னிக்கு மட்டும் வேண்டாம்" என்றேன்.

அண்ணி பதறிவிட்டாள். "வாயைக் கழுவு. வந்ததும் வராததுமா உடையும்னு சொல்றே?"

நானும் உன்னிடம் அதையேதான் சொல்வேன், நினைவிருக்கிறதா? வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று. இப்போது புரிகிறது. உடையும் என்று சொல்லிவிட்டுத் தூக்கினால் கை தானாகவே பார்த்துப் பிடிக்கிறது. உடையாது என்று நம்பித் தூக்குகிறவன்தான் போட்டு உடைக்கிறான்.

லாரிக்காரர் அண்ணியிடம், "நீங்க புது ஆளா?" என்று கேட்டார். "இந்த வீட்டுக்கு மூத்த மருமக" என்றாள். அவர் கேட்டது ஒன்று, அவள் சொன்னது ஒன்று.

மே 14

அண்ணி தும்மினாள். ஒரு முழுக் கண்ணாடி போய்விட்டது. அப்படியே சிலையாக நின்றாள், பூப்போட்ட கையுறையோடு, கண்ணில் தண்ணீர். காலில் ஏதாவது பட்டதா என்று பார்த்தேன். இல்லை.

"திட்டுடி. அவ இருந்தா திட்டியிருப்பா."

"திட்டியிருப்பா. அப்புறம் துடைப்பத்தை எடுத்திருப்பா. நாம நேரா துடைப்பத்துக்குப் போயிடுவோம் அண்ணி."

கூட்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நாளைக்கு நாளைக்குன்னு."

கோடு ஆறிவிட்டது. "இப்ப அவ மேஜையைத்தானே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றேன்.

மே 19

எல்லாம் பட்டுத்துணி.

மே 21, வியாழன்

இன்று கண்ணாடி வைத்தோம். ஒவ்வொன்றும் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளி நாற்காலியில் உட்காருகிற மாதிரி. அண்ணன் வந்தான். சொல்லாமல் வந்தான். பட்டி வைப்பதற்கு முன்னால் ஒரு கண்ணாடியைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தான்.

"ஆடுதே."

"ஆடணும்ணே. மழையில மரம் ஊறி உப்பும், கண்ணாடி விட்டுக்குடுக்காது. இடம் விடாம இறுக்கி வச்சா ஒருநாள் தானா விரிசல் விடும். சுத்தி ஒரு நூல் இடம் இருந்தாத்தான் நிக்கும்."

"இதெல்லாம் யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் கொஞ்சம் நாளாயிடுச்சு."

அவன் பட்டி டப்பாவை எடுத்துப் பிசைய ஆரம்பித்தான். அப்பாவுக்குப் பிசைந்து கொடுத்த கை. மறக்கவில்லை. முடியும் வரைக்கும் பிசைந்தான். கிளம்பும்போது, "அந்த மொபைல்காரன்கிட்ட என்ன சொல்ல?" என்றான்.

"வேற இடம் பாக்கச் சொல்லு."

"சொல்லியாச்சு, போன வாரமே. உங்க அண்ணிதான், நீ இங்க ஜமாய்ச்சுக்கிட்டு இருக்கேன்னு தினம் வந்து கதை சொல்றாளே." அண்ணியைப் பார்த்தேன். ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப கவனமாக.

மே 22

கதவு மேல் சட்டங்களும் முடிந்தன. அட்டைகளைப் பிடுங்கிப் போட்டேன். அறைக்குள் அந்த இடத்தில் வெயில் ஒரு சின்னக் கட்டமாகத் தரையில் விழுகிறது. என் தப்புகள் எல்லாம் வரிசையாக வெளிச்சம் விட்டுக்கொண்டிருக்கின்றன.

மே 27

மேஜைக்குப் புது ரப்பர் விரிப்பு போட்டேன். பழையதில் உன் கட்டர் தவறி விழுந்த தழும்புகள் இருந்தன. சுருட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். தூக்கிப்போட மனசு வரவில்லை. வராவிட்டால் என்ன, அலமாரியில் இடம் இருக்கிறது.

ஜூன் 1, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தார்கள். அந்த வழியாகத்தான் கடைக்கு வந்தேன், வேண்டுமென்றேதான். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டினார்கள். ஒன்றும் உடையவில்லை. உடையும், ஒருநாள். அப்போது போய் அளவெடுப்பேன்.

மதியம் ஒரு வீட்டில் அலமாரிக் கதவுக்கு அளவெடுத்தோம். டேப்பைப் பார்த்தேன். இருபத்தொன்றே கால் காட்டியது, அதாவது இருபத்தொன்றும் இரண்டு நூலும். "இருபத்தொண்ணு, ஒரு நூல்" என்றேன் வாயால். அண்ணி குறித்தாள். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். கழிக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. தானாகவே கழிந்து வந்தது.

அண்ணியை உட்காரவைத்து, இப்படிக் கழித்துத்தான் சொல்கிறேன் என்று விளக்கிவிட்டேன். நாளைக்கு நான் இல்லையென்றால் அவள் நட்டாற்றில் நிற்கக்கூடாது. "இவ்வளவுதானா, நான் அப்பவே கவனிச்சேன்" என்றாள். பொய். இருக்கட்டும்.

சாயங்காலம் அண்ணன் டிப்போவிலிருந்து போன் செய்தான். "எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேண்ணே. கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டுச் சிரிப்பு வந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பக்கத்தில் நீ இல்லை என்று கை ஒரு நிமிஷம் நின்றதை அவனிடம் சொல்லவில்லை. கழித்துவிட்டேன். அவன் பயந்தவன், முழு அளவைச் சொன்னால் அவனுக்குள் நுழையாது, இடிக்கும்.

அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் இல்லை, வருத்தமும் அவ்வளவு இல்லை. சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நீ என்னை உட்காரவைத்திருக்கிறாய், அதனால்தான் இன்னும் விரிசல் விடாமல் நிற்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து, செருப்பைக் கழட்டிக்கிட்டே, சின்னப் புண்ணுதான்க்கான்னு சொன்னியே — எவ்வளவு கழிச்சுட்டுச் சொன்னே, வாலு?